இறுகச் சொல்வது யார்?

(லிட்டில் இந்தியாவில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2013 ஜூன் 21 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்குக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. சிங்கப்பூர் அதற்கு முன்னும் அப்படி ஒரு எண்ணைக் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை இங்கே வந்து மூச்சில் கலந்தது. முகக்கவசத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்கினோம். இழுப்பு உள்ளவர்கள் நீல நிற இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார்கள்.

அந்த நீல இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தி உறிஞ்சினால் ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சு லேசாகிறது. மருந்தின் பெயர் சால்புட்டமால். 1969-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்த மருந்து மூச்சுக்குழாயைத் தொட்டுத் தளர்த்துவதில்லை, தசைக்குள் நுழைவதுகூட இல்லை. உயிரணுவின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பி என்ற ஒரு புரதத்தில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். மீதி வேலை முழுவதையும் உயிரணு தானே செய்துகொள்கிறது. அந்த மீதி வேலை என்ன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அதில் ஒரு முக்கியமான கண்ணியைக் கண்டுபிடித்தது நம் ஊர். கென்ட் ரிட்ஜில் நடந்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முதலில் இறுக்கம். மூச்சுக்குழாயைச் சுற்றி வளையம் வளையமாக மென்தசை இருக்கிறது. அதே வகைத் தசைதான் இரத்தக்குழாய்ச் சுவரிலும், குடலிலும், கருப்பையிலும். அந்தத் தசை உயிரணுவுக்குள் ஆக்டின் என்ற இழைகள் ஓடுகின்றன. மயோசின் என்ற புரதம் அவற்றைப் பிடித்து இழுக்கிறது. மென்தசையில் மயோசின் சும்மா இழுத்துவிடாது. அதன் உடலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால்தான் வேலைக்கு வரும். பாஸ்பேட் கழன்றால் ஓய்ந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஒரு நொதி, கழற்றுவதற்கு வேறொரு நொதி. நெஞ்சுக்குள் இறங்கும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது தசை உயிரணுவின் ஏற்பியில் அமர்கிறது. சவ்வின் உட்புறம் காத்திருக்கும் ஜி-புரதம் விழித்துக்கொள்கிறது. உயிரணுவுக்குள் அடைத்து வைத்திருந்த கால்சியம் கொட்டுகிறது. கால்சியம் ஒட்டும் நொதியைத் தூண்ட, தசை இறுகுகிறது. எல்லாம் சில நொடிகளில். ஒவ்வாமையின்போது வெளிப்படும் ஹிஸ்டமினும் இதே பாதையில்தான் வருகிறது, ஏற்பி மட்டும் வேறு.

உயிரணுவில் இப்படி ஒரு ஏற்புப் பொருள் இருந்தாக வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-லேயே சொல்லிவிட்டார். அன்று அதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஏற்பியின் உருவத்தையும் அது வேலை செய்யும் விதத்தையும் தெளிவாக்கிய லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது சால்புட்டமால் போய் அமரும் அதே பீட்டா-2 ஏற்பியோடுதான். இப்படி ஜி-புரதத்தை எழுப்பும் குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் மனித உடலில் சுமார் 800. இன்று மருந்துக்கடையில் இருப்பவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைக் குறிவைப்பவை.

இதுவரை சொன்னது பள்ளிப் புத்தகத்திலும் உண்டு. சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் சோம்லியோ தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். மென்தசையின் சவ்வில் நுண்ணிய துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் கால்சியத்தின் அளவை ஒரே நிலையில் நிறுத்திவிட்டார்கள். பிறகு ஏற்பியைத் தூண்டினார்கள். கால்சியம் துளியும் கூடவில்லை. ஆனால் தசை மேலும் இறுகியது.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய், கீழே வடிகால். குழாயைக் கூடுதலாகத் திறந்தாலும் தொட்டி நிறையும், குழாயைத் தொடாமல் வடிகாலை அடைத்தாலும் நிறையும். அதுவரை எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்பி வடிகாலையும் அடைக்கிறது, அதாவது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை முடக்குகிறது என்று 1991-ல் அந்தக் குழு காட்டியது. அப்படியானால் அடைக்கும் கை யாருடையது?

ரோ என்ற சிறு புரதத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. இது ஒரு விசை. மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறைப் பற்றியிருக்கும்போது இயங்கும், அதில் ஒன்றை உடைத்து இரண்டாக்கியதும் அடங்கும். லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் 1992-ல் ரோவின் குடும்பம் என்ன வேலை செய்கிறது என்று காட்டத் தொடங்கினார்கள். பட்டினி போட்ட இணைப்புத்திசு உயிரணுக்களில் ரோவைச் செலுத்தினால் உள்ளே தடித்த இழைக்கற்றைகள் இறுகி நிற்கின்றன. ரேக் என்ற அதன் உறவுப் புரதத்தைச் செலுத்தினால் உயிரணுவின் விளிம்பு மடிப்பு மடிப்பாக விரிகிறது. மூன்றாவது உறவு சிடிசி42. அது விரல் போன்ற நீட்சிகளை முளைக்க வைக்கிறது. இறுகுவதற்கு ஒருவர், பரவுவதற்கு ஒருவர், துழாவுவதற்கு ஒருவர். ஆனால் விசைகளுக்கும் இழைகளுக்கும் நடுவே யார் வேலை செய்கிறார் என்பது தெரியவில்லை.

இங்கேதான் நம் கென்ட் ரிட்ஜ் வருகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 1980-களில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் (ஐஎம்சிபி) உருவானது. சிட்னி பிரென்னர் அதற்கு வழிகாட்டி. அங்கே லூயிஸ் லிம் தலைமையில் ஒரு குழு. எட்வர்ட் மான்சர், தாமஸ் லியுங் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். லிம் லண்டன் நரம்பியல் கழகத்தோடும் தொடர்புடையவர், மூளை வேதியியலில் ஊறியவர். அதனால் அவர்கள் தேடியதும் மூளைக்குள்தான்.

அவர்கள் கையாண்ட முறை எளிமையானது, பொறுமை மட்டும் நிறைய வேண்டும். எலியின் மூளைப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு தாளில் படிய வைப்பது. இயங்கும் நிலையில் உள்ள விசைப் புரதத்துக்குக் கதிரியக்க அடையாளம் கொடுத்து அந்தத் தாளின் மேல் ஓட விடுவது. எந்தப் பட்டையில் போய் ஒட்டிக்கொள்கிறதோ அதுதான் கூட்டாளி. பெயர் தெரியாத அந்தப் புரதத்தைப் பிறகு தனியே பிரித்தெடுக்க வேண்டும். இப்படித்தான் ரேக், சிடிசி42 இரண்டின் கட்டளையையும் ஏற்கும் பாக் என்ற கைனேஸைக் (பாஸ்பேட் ஒட்டும் வகை நொதியைக்) கண்டுபிடித்து 1994-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ரோவின் கூட்டாளியும் வெளிவந்தது. இதுதான் ரோ கைனேஸ்.

சில மாதங்களில் ஜப்பானில் இரண்டு குழுக்கள் அதே புரதத்தோடு வந்தன. கியோட்டோவில் நாருமியா குழு, நாராவில் கைபுச்சி குழு. மூன்று குழுவும் மூன்று பெயர் வைத்தன. பாடப்புத்தகங்களில் இன்று அதிகம் வழங்குவது கியோட்டோ வைத்த பெயர். அறிவியலில் முதலில் வந்தவர் வைத்த பெயரே நிலைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். வடிகாலை அடைக்கும் கை இதுவே என்று 1996-ல் நிறுவியது கைபுச்சி குழு. ரோ கைனேஸ், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியின் ஒரு பகுதியில் தானே ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. லிம் குழுவின் கட்டுரைகளில் அவர்கள் முகவரி கிளாக்ஸோ–ஐஎம்சிபி குழு என்றிருக்கும். சால்புட்டமாலை உருவாக்கிய ஆலன் அண்ட் ஹான்பரீஸ், கிளாக்ஸோவுக்குச் சொந்தமான நிறுவனம். நெஞ்சைத் தளர்த்தும் மருந்தைத் தந்த அதே நிறுவனத்தின் பணம், கால் நூற்றாண்டு கழித்து, நெஞ்சை இறுக்கும் புரதத்தைக் கண்டுபிடிக்க உதவியது. யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை. மூளைக்குள் தேடப் போனவர்களுக்கு இது கிடைத்தது. ஒரு ஆய்வுக்கு உடனடிப் பயன் என்ன என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கும் அதிகாரிகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது, இதே விசைகள் நடத்தும் நகர்வு. வெள்ளையணு ஒன்று பாக்டீரியாவைத் துரத்தும் பழைய படம் ஒன்று உண்டு. 1950-களில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்தது. சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பி, விடாமல் துரத்தும். அதற்குக் கண் இல்லை, மூளை இல்லை. பாக்டீரியா சிந்தும் வேதிப்பொருள் முன்பக்கம் சற்று அதிகமாகவும் பின்பக்கம் சற்றுக் குறைவாகவும் படுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டை ஏற்பிகள் உணர்கின்றன. முன்பக்கத்தில் ரேக் எழுந்து ஆக்டினைக் கிளை கிளையாக வளர்த்து விளிம்பைத் தள்ளுகிறது. பின்பக்கத்தில் ரோ எழுந்து, ரோ கைனேஸ் வழியாக மயோசினை இழுக்க வைத்து வாலைச் சுருக்குகிறது. முன்னே தள்ளல், பின்னே இழுப்பு. ஹென்றி போர்ன் குழு 2003-ல் காட்டியது இதைவிடச் சுவையானது. ஒரே ஏற்பியே இரண்டு வெவ்வேறு ஜி-புரதங்கள் வழியாக இந்த இரண்டு கட்டளையையும் அனுப்புகிறது. முன் எது, பின் எது என்று உயிரணுவுக்குத் தனியே யாரும் சொல்வதில்லை. இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன, அந்த இழுபறியில் திசை பிறக்கிறது.

ஏற்பிகள் எல்லாம் வேதிப்பொருளுக்கு மட்டும் செவிசாய்ப்பவை என்றும் நினைக்க வேண்டாம். இண்டெக்ரின் என்ற ஏற்பி, உயிரணு காலூன்றி நிற்கும் தளத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. தளம் இளகினால் பிடி தளரும், கெட்டியாக நின்றால் பிடியும் வலுக்கும். இழுவிசையில் டாலின் என்ற புரதம் மடிப்பு விரிந்து புதிய கூட்டாளிகளுக்கு இடம் கொடுக்கிறது என்பதை 2009-ல் ஒரு குழு ஒற்றை மூலக்கூறை இழுத்தே காட்டியது. அதில் ஒருவரான மைக்கேல் ஷீட்ஸ்தான் அதே ஆண்டு கென்ட் ரிட்ஜில் தொடங்கிய இயந்திர உயிரியல் ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர். லிம் குழு இருந்த கழகம் அதற்குள் புவன விஸ்தா பக்கம், 2003-ல் திறந்த பயோபொலிஸுக்குப் போய்விட்டிருந்தது. இருந்தாலும் உயிரணு எப்படி இழுக்கிறது, எப்படி நகர்கிறது என்ற கேள்வி அந்தக் குன்றை விட்டு இறங்கவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு டெங்கியைச் சொல்லாமல் விட முடியாது. 2020-ல் மட்டும் 35 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. நம் வீடுகளில் டெங்கி என்றால் தட்டணு எத்தனை என்பதே முதல் கேள்வி. மருத்துவர் இன்னொரு எண்ணையும் கவனிப்பார், இரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று. கடுமையான டெங்கியில் ஆபத்து இரத்தக்குழாய் கசிவதில் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் உயிரணுக்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஏற்பிகள் தூண்டப்பட்டு அவை சுருங்கினாலோ, அவற்றுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தாலோ இடைவெளி விழுந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுகிறது. டியூக்–என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஆஷ்லி செயின்ட் ஜான் குழு 2013-ல் இதில் மாஸ்ட் உயிரணுக்களின் பங்கைக் காட்டியது. டெங்கிக் கிருமி அவற்றைத் தூண்ட, அவை கொட்டும் லூக்கோட்ரைன், கைமேஸ் போன்ற பொருள்கள் கசிவைக் கூட்டுகின்றன. லூக்கோட்ரைன் யார் என்று இழுப்பு உள்ளவர்களுக்குத் தெரியும். அதன் ஏற்பியை அடைக்கும் மாத்திரையைத்தான் இரவில் விழுங்குகிறார்கள்.

பாருங்கள், மூச்சுக்குழாயில் சந்தித்த ஆளை இரத்தக்குழாயிலும் சந்திக்கிறோம். உடம்பு புதிது புதிதாகக் கருவி செய்வதில்லை. சில ஏற்பிகள், சில விசைகள், சில நொதிகள், இவற்றையே எல்லா இடத்திலும் போட்டு வேலை வாங்குகிறது. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

நீல இன்ஹேலருக்கே திரும்புவோம். சால்புட்டமால் ஏற்பியில் அமர்ந்ததும் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது. அது எழுப்பும் கைனேஸ் கால்சியத்தைக் குறைக்கிறது, பாஸ்பேட் ஒட்டும் நொதியைத் தளர்த்துகிறது, ரோவையும் அடக்குகிறது. குழாய் மூடி, வடிகால் திறந்து, தசை தளர்கிறது. அதே தூது மூலக்கூறு இதயத்தில் பெருகினால் கால்சியம் கூடி இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். தூது ஒன்றுதான், கேட்கும் உயிரணு வேறு என்பதால் செயல் தலைகீழாகிறது. இன்ஹேலரை அதிகமாக எடுத்த பிறகு படபடப்பும் கைநடுக்கமும் வருவது இதனால்தான்.

இந்தத் தூது மூலக்கூறில் நமக்கு ஒரு சொந்த உறவும் உண்டு. சேலம் பக்கம் மருந்துக்கூர்க்கன் பயிரிடுவார்கள். அதன் கிழங்கில் இருக்கும் போர்ஸ்கோலினை 1970-களில் பம்பாயில் ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் பிரித்தெடுத்தது. ஏற்பியின் தயவே இல்லாமல், சைக்ளிக் ஏஎம்பி செய்யும் நொதியை அது நேராகத் தூண்டுகிறது என்று 1981-ல் தெரிந்தது. அன்றிலிருந்து உலகெங்கும் உயிரணு ஆய்வுக்கூடங்களில் அது அன்றாடப் பொருள். எடை குறைக்கும் மாத்திரை என்று கடைகளில் விற்கும்போது மட்டும் வாங்காதீர்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.

ரோ கைனேஸை அடக்கும் மருந்துகளின் வரலாறும் வேடிக்கையானது. மூளையில் இரத்தம் கசிந்த பிறகு இரத்தக்குழாய் சுருங்குவதைத் தடுக்க ஃபாசுடில் என்ற மருந்துக்கு ஜப்பான் 1995-ல் ஒப்புதல் தந்தது. சிங்கப்பூரில் ரோ கைனேஸ் வெளிவந்த அதே ஆண்டு. அந்த மருந்து முக்கியமாக அடக்குவது இந்தப் புரதத்தைத்தான் என்பது பிறகே விளங்கியது. மருந்து முதலில் வந்துவிட்டது, காரணம் பின்னால் நடந்து வந்தது. 2014-ல் ஜப்பானிலும் 2017-ல் அமெரிக்காவிலும் கண் அழுத்த நோய்க்கு இந்த வகைச் சொட்டு மருந்துகள் வந்தன. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் சல்லடைத் திசுவின் இறுக்கத்தை அவை தளர்த்துகின்றன. போட்டவுடன் கண் சிவப்பதுண்டு. கண்ணின் இரத்தக்குழாய்ச் சுவரும் அதே ரோ கைனேஸை நம்பி இருப்பதால் அதுவும் கூடவே தளர்கிறது.

இனி உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

நீல இன்ஹேலரை மட்டும் நம்பிக் காலம் தள்ளாதீர்கள். அது தசையைத் தளர்த்தும், குழாயின் வீக்கத்தைத் தொடாது. ஓயாமல் தூண்டினால் உயிரணு தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு அதே மருந்து முன்போலக் கேட்காது. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இந்த மருந்தை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைப்பதை 2019-லேயே நிறுத்திவிட்டது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் கொடுத்திருந்தால், மூச்சு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகளுக்காக. கண் அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகளில் ஒன்று டிமோலால். அது பீட்டா ஏற்பிகளை அடைப்பது. கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர் இறங்கும் வழியே மூக்குக்குப் போய் இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை எட்டும். சால்புட்டமால் உட்கார வேண்டிய இடத்தில் டிமோலால் உட்கார்ந்துவிடும். இழுப்பு உள்ளவருக்கு அந்தச் சின்னச் சொட்டு பெரிய ஆபத்து. கண் மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள். அவர் கேட்காவிட்டாலும் இழுப்பு உண்டென்று நீங்களே சொல்லிவிடுங்கள்.